அச்சம் அறியாமையா?

ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையம் 2011 மார்ச் 11-ஆம் தேதி சுனாமியால் சீர்குலைந்தபோது, அந்த அதிர்ச்சி இந்தியாவில் உடனடியாக எதிரொலித்த இடம் மகாராஷ்டிரம். ரத்தினகிரி மாவட்டம் ஜைதாபூரில் அணுமின் நிலையம் கூடாது என ஏற்கெனவே போராடி வந்த மக்களின் எதிர்ப்பு வலுத்தது. ஏப்ரல் 18-இல் போலீஸார் நடத்திய துப்பாக்கிச் சூட்டில் ஒருவர் உயிரிழந்தார். சில மாதங்களில், கூடங்குளத்தை எதிர்த்து இடிந்தகரை திரண்டது.

மும்பைத் தமிழர்களுக்கு இவை தொலைதூரச் செய்திகள் அல்ல. தாராவித் தமிழர்களில் கணிசமானோரின் பூர்விகம் திருநெல்வேலிச் சீமை. சொந்த மண்ணில் கூடங்குளம். பிழைக்க வந்த ஊரிலோ, செம்பூரை அடுத்த டிராம்பேயில், 1956-இல் அப்சரா உலை இயங்கத் தொடங்கிய காலம் முதல் அணு ஆராய்ச்சி மையம். ஆராய்ச்சி உலையும் மின் உலையும் ஒன்றல்ல என்பது உண்மைதான். அதைச் சாமானியர் எங்ஙனம் அறிவார்? தகவல்களை வெளியிடாமல் தடுக்க 1962-ஆம் ஆண்டு அணுசக்திச் சட்டத்தின் 18-வது பிரிவே அரசுக்கு அதிகாரம் அளித்திருந்ததே!

கேள்வி கேட்டவர்களுக்குக் கிடைத்தது என்ன? கூடங்குளம் பாதுகாப்பானது என்று 2011 நவம்பரில் நற்சான்று வழங்கினார் அப்துல் கலாம். போராட்டத்தின் பின்னணியில் அமெரிக்கத் தொண்டு நிறுவனங்கள் இருப்பதாக 2012 பிப்ரவரியில் குற்றஞ்சாட்டினார் பிரதமர் மன்மோகன் சிங். அறிஞரின் நற்சான்று மதிக்கத்தக்கதே. ஆனால், அது சுதந்திரமான கண்காணிப்புக்கு மாற்றாகிவிடாது.

ஃபுகுஷிமாவில் நேர்ந்தது மனிதர்கள் விளைவித்த பேரிடர் என்றும், அரசும் கண்காணிப்பு அமைப்பும் மின் நிறுவனமும் கைகோத்துச் செயல்பட்டதே அதற்குக் காரணம் என்றும் ஜப்பானிய நாடாளுமன்றம் அமைத்த குழு 2012 ஜூலையில் அறிவித்தது. அடுத்த மாதமே, நமது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்குப் போதிய அதிகாரமும் சுதந்திரமும் இல்லை என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை சுட்டிக்காட்டியது. அந்த வாரியமும், அது கண்காணிக்க வேண்டிய அணுமின் கழகமும் தலைமையகம் கொண்டிருப்பது மும்பையின் அதே அணுசக்தி நகரில்தான். அண்டை வீட்டாராக இருப்பதில் தவறில்லை. வாரியம் பதில் சொல்ல வேண்டிய அணுசக்தி ஆணையத்தின் தலைவரே, அணுமின் கழகம் இயங்கும் துறையின் செயலராகவும் இருந்து வந்ததுதான் விபரீதம்.

ஜப்பான் 2012 செப்டம்பரிலேயே புதிய கண்காணிப்பு அமைப்பை நிறுவியது. இங்கே 2011-இல் கொண்டுவரப்பட்ட மசோதா 2014-இல் காலாவதியானது. 2025 டிசம்பரில் நிறைவேறிய 'சாந்தி' சட்டத்தில்தான் வாரியத்துக்குச் சட்டத் தகுதி வாய்த்தது. அதே சட்டம் தனியாருக்குக் கதவைத் திறந்துவிட்டதுடன், பழுதான கருவியை வழங்கிய நிறுவனத்திடம் இழப்பீட்டை ஈடுகோர 2010-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமையையும் கைவிட்டிருக்கிறது.

நிலக்கரியையே நம்பியிருக்கும் நாட்டுக்கு அணுமின்சாரம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. முதல் தனியார் உலைக்கு உரிமம் வழங்குவதற்கு முன்பாக, வாரியத்தின் ஆய்வறிக்கைகள் முழுமையாக நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட வேண்டும். விபத்து நேர்ந்தால் எங்கே செல்வது, என்ன செய்வது என்ற விவரம் கூடங்குளத்தைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் தமிழிலும், டிராம்பே, செம்பூர் பகுதிகளில் மராத்தி, இந்தியுடன் தமிழிலும் அச்சிடப்பட்டு வீடுதோறும் வழங்கப்பட வேண்டும்.