டாங்கி ஓட்டும் தம்பிகளும் ஸ்பானர் பிடிக்கும் கைகளும்

சங்கரன்கோவிலில் இரவு பத்து மணிக்கு மேல் தெருவில் நடந்தால் இரண்டு சத்தம் கேட்கும். ஒன்று, ஊருக்குச் சோறு போடும் விசைத்தறியின் சத்தம். இன்னொன்று, வீட்டுத் திண்ணையிலிருந்தும் மொட்டை மாடியிலிருந்தும் வரும் குரல். “ஏலே, வண்டிய எடுலே... ஜோன் வருது!” “பெட்ரோல் தீரப் போவுதுலே, கேன் இருக்கா?”

நான்கு பையன்களும் நான்கு தெருவில் உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் செல்போன் திரையில் ஒரே ஜீப்பில் போய்க்கொண்டிருப்பார்கள்.

“ஏய்யா, போனை வச்சிட்டுச் சாப்பிட வாய்யா” என்று அம்மா கூப்பிடுவார். “இரும்மா, இந்த ஒரு மேட்ச்” என்று பதில் வரும். சோறு ஆறிப்போகும். அப்பா தறிக்கூடத்திலிருந்து வந்ததும் போன் பிடுங்கப்படும். மறுநாள் மறுபடியும் அதே கதை. பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளைகள் இருக்கும் பல வீடுகளில் இதுதான் தினசரிச் சண்டை.

இந்தச் சண்டையில் பெற்றோர் கவனிக்கத் தவறும் விஷயம் ஒன்று உண்டு. பையன் சுடுவதைப் பற்றி மட்டும் பேசவில்லை. வண்டி, பெட்ரோல், டயர், இன்ஜின் என்றும் பேசுகிறான். பேச்சை அங்கிருந்து ஆரம்பித்தால், பிடுங்குவதைவிட நல்ல வழி ஒன்று கிடைக்கும்.

திரையில் ஓடும் வண்டி

பிள்ளைகள் அதிகம் ஆடுவது பிஜிஎம்ஐ. 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைல் தடை செய்யப்பட்ட பிறகு, தென்கொரியாவின் கிராஃப்டன் நிறுவனம் இந்தியாவுக்கென்று 2021 ஜூலையில் கொண்டுவந்த விளையாட்டு இது. 2022 ஜூலையில் இதுவும் முடக்கப்பட்டது. 2023 மே மாதம் திரும்பி வந்தது.

நூறு பேர் வரை ஒரு தீவில் இறங்குவார்கள். ஆடுகளம் நேரம் போகப் போகச் சுருங்கும். தப்பித்து உள்ளே போக வண்டி வேண்டும். அதில் வரும் ‘யுஏஇசட்’ ஜீப் கற்பனை வண்டி அல்ல. சோவியத் ராணுவம் பயன்படுத்திய நிஜ ஜீப். ‘பிஆர்டிஎம்’ என்று பையன்கள் சொல்லும் கவச வண்டியும் அப்படித்தான். தரையிலும் தண்ணீரிலும் ஓடும் சோவியத் வேவு வண்டி அது.

விளையாட்டிலும் வண்டிக்குக் கணக்கு உண்டு. ஓட்ட ஓட்ட பெட்ரோல் குறையும். கேனைத் தேடி எடுத்து ஊற்ற வேண்டும். டயரில் குண்டு பட்டால் வெடிக்கும். அடி அதிகமானால் புகை வரும், தீப்பிடிக்கும், கடைசியில் வெடித்துச் சிதறும். அப்போது பையன் என்ன செய்வான்? குதித்து ஓடி அடுத்த வண்டியை எடுத்துக்கொள்வான். போன வண்டிக்காக யாரும் அழுவதில்லை.

டாங்கிகளை மட்டும் வைத்து நடக்கும் விளையாட்டுகளும் இருக்கின்றன. ‘வேர்ல்ட் ஆஃப் டாங்க்ஸ் பிளிட்ஸ்’ செல்போனிலேயே ஓடும். ஒரு பக்கம் ஏழு டாங்கி, எதிர்ப்பக்கம் ஏழு டாங்கி. குண்டு பட்டால் செயின் அறுந்து டாங்கி நகராமல் நிற்கும். ரிப்பேர் கிட் பட்டனைத் தொட்டால் செயின் உடனே சரியாகிவிடும். கம்ப்யூட்டரில் ஆடும் ‘வார் தண்டர்’ இன்னும் நுணுக்கமானது. இன்ஜின், பீரங்கிக் குழாய், செயின் என்று எது பழுதோ அதற்கேற்ப ரிப்பேர் நேரம் கூடும், குறையும். அந்தச் சில வினாடிகளில் எதிரி வந்துவிட்டால் கதை முடிந்தது.

அந்த நுணுக்கம் சிலரை எங்கே கொண்டுபோய் விட்டது தெரியுமா? 2021-ல் பிரிட்டனின் சாலஞ்சர் 2 டாங்கி விளையாட்டில் தவறாகக் காட்டப்பட்டிருக்கிறது என்று வாதாடிய ஒருவர், அதை நிரூபிக்க அந்த டாங்கியின் ராணுவக் கையேட்டுப் பக்கங்களையே இணையத்தில் போட்டுவிட்டார். உலகம் முழுக்கச் செய்தியானது. ஓர் இயந்திரத்தின் மேல் வரும் பைத்தியம் அவ்வளவு ஆழமானது. அந்தப் பைத்தியத்தை எந்தப் பக்கம் திருப்புவது என்பதுதான் கேள்வி.

ஆவடியில் நிற்கும் வண்டி

சங்கரன்கோவிலில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறினால் மறுநாள் காலை சென்னை. அங்கிருந்து மின்சார ரயிலில் ஆவடி. இந்திய ராணுவத்தின் டாங்கிகள் உருவாகும் கனரக வாகனத் தொழிற்சாலை அங்கேதான் இருக்கிறது. 1960-களில் விஜயந்தா டாங்கியில் ஆரம்பித்து, ரஷ்ய வடிவமைப்பான டி-72 அஜேயா, டி-90 பீஷ்மா, நம் நாட்டிலேயே வடிவமைத்த அர்ஜுன் வரை அங்கிருந்து வெளிவந்தவை. அர்ஜுனை வடிவமைத்த டிஆர்டிஓ ஆய்வுக்கூடமும் ஆவடியில்தான். டாங்கி இன்ஜினுக்குத் தனித் தொழிற்சாலையும் அதே ஊரில். 2021 அக்டோபர் முதல் ஆவடியைத் தலைமையிடமாகக் கொண்ட ‘ஆர்மர்ட் வெஹிக்கிள்ஸ் நிகாம்’ என்ற பொதுத்துறை நிறுவனத்தின் கீழ் இந்தத் தொழிற்சாலைகள் இயங்குகின்றன.

புது டாங்கி செய்வது அங்கே ஒரு பாதி வேலை. ஓடித் தேய்ந்த டாங்கிகள் ஓவர்ஹாலுக்கு வருவது இன்னொரு பாதி. இன்ஜினை வெளியே தூக்கி, கோபுரத்தைக் கழற்றி, ஒவ்வொரு பாகமாகப் பார்த்து, தேய்ந்ததை மாற்றி, திரும்பப் பூட்டி ஓட்டிப் பார்த்து அனுப்ப வேண்டும். பட்டனைத் தொட்டால் முடிகிற வேலை அல்ல.

விளையாட்டில் ஒரே பையன் ஓட்டுவான், குறிபார்ப்பான், சுடுவான், பழுதும் நீக்குவான். நிஜத்தில் பீஷ்மாவுக்கு மூன்று பேர். அர்ஜுனுக்கு நான்கு பேர். குண்டை எடுத்துப் போடுவதற்கென்றே அர்ஜுனில் ஓர் ஆள் உண்டு. பீஷ்மாவில் அந்த வேலையை இயந்திரம் செய்கிறது. ஓட்டுநர் முன்பக்கம் தனியாக, குறுகிய இடத்தில் உட்கார்ந்திருப்பார். மூடியைச் சாத்திவிட்டால் பெரிஸ்கோப் கண்ணாடி வழியாகத் தெரிவது மட்டும்தான் அவருக்கு உலகம். விளையாட்டில் வருவதுபோல வண்டிக்குப் பின்னால் மேலே நின்று பார்க்கும் வசதியெல்லாம் கிடையாது. சுற்றிலும் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்வது கமாண்டரின் வேலை.

பீஷ்மாவின் எடை 46 டன்னுக்கு மேல். அர்ஜுனின் புதிய ரகம் 68 டன். அதை இழுக்கும் இன்ஜின் 1,400 குதிரைத்திறன் கொண்டது. அவ்வளவு எடையும் செயினின் கண்ணிகள் மேல் உட்கார்ந்திருக்கிறது. செயின் தளர்ந்தால் கழன்றுவிடும். அதிகமாக இறுகினால் சீக்கிரம் தேயும். ராஜஸ்தான் மணலில் ஓடினால் ஏர் ஃபில்டரில் தூசி அடைக்கும். அதைச் சுத்தம் செய்யாவிட்டால் இன்ஜின் மூச்சு முட்டி நிற்கும். சுட்டு முடித்ததும் நீளமான கம்பியில் பிரஷ் மாட்டி, சிப்பாய்கள் சேர்ந்து தள்ளி பீரங்கிக் குழாயைத் துடைப்பார்கள். வண்டியை எடுப்பதற்கு முன் ஒரு சோதனை, வழியில் நிறுத்தும்போது ஒரு சோதனை, திரும்பி வந்ததும் ஒரு சோதனை. களைப்பாக இருக்கிறது, நாளைக்குப் பார்க்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

இந்த வேலைக்கென்றே ராணுவத்தில் ஒரு பெரிய பிரிவு இருக்கிறது. பெயர் இஎம்இ. மின்னணுவியல், இயந்திரப் பொறியாளர் படை என்று சொல்லலாம். 1943-ல் உருவானது. பழுதான டாங்கியைக் கட்டி இழுக்க டாங்கி போலவே ஒரு மீட்பு வண்டி அவர்களிடம் உண்டு. சண்டை நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே நின்று ஸ்பானர் பிடிப்பவர்கள் இவர்கள்.

சேறும் மணலும் தோற்கடித்த கதை

வண்டி வெடிப்பதற்கு எதிரியின் குண்டுதான் காரணம் என்று விளையாட்டு சொல்லித் தருகிறது. வரலாறு வேறு மாதிரியும் சொல்கிறது.

1965 செப்டம்பரில் பஞ்சாபின் அசல் உத்தரில் பாகிஸ்தானின் பேட்டன் டாங்கிகள் வந்தன. அன்றைக்கு நம்மிடம் இருந்தவற்றைவிட நவீனமானவை. இந்தியப் படை வயல்களில் தண்ணீரைத் திறந்துவிட்டது. கரும்புக் காட்டுச் சேற்றில் பல டாங்கிகள் புதைந்து நின்றன. அதே களத்தில்தான் ஹவில்தார் அப்துல் ஹமீது, பீரங்கி பொருத்திய ஒரு சாதாரண ஜீப்பிலிருந்து பேட்டன்களை அடித்து நொறுக்கி உயிரையும் கொடுத்தார். அவருக்குப் பரம்வீர் சக்ரா வழங்கப்பட்டது. 1971 டிசம்பரில் ராஜஸ்தானின் லோங்கேவாலாவிலும் எதிரியின் டாங்கிகள் மணலில் சிக்கித் திணறின. காலையில் வந்த நம் விமானங்களுக்கு அவை சுலபமான இலக்காயின.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். சங்கரன்கோவிலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது பூலித்தேவரின் நெற்கட்டும்செவல். 1755-ல் கர்னல் ஹெரானின் படை அந்தக் கோட்டை முன்னால் வந்து நின்றது. சுவரை உடைக்கும் அளவுக்குப் பெரிய பீரங்கி இல்லை. படைக்குத் தேவையான உணவும் பற்றாக்குறை. கேட்ட கப்பம் கிடைக்காமலேயே படை திரும்பியது. ஆயுதம் எவ்வளவு பெரிதானாலும், அதைக் கொண்டுவந்து சேர்த்து ஓடும் நிலையில் வைத்திருப்பவர்கள் இல்லாவிட்டால் அது இரும்புதான்.

தறி ஓட்டும் குடும்பத்துக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. நாடா சரியாகப் பாயவில்லை, பாவு அடிக்கடி அறுகிறது என்றால் அன்றைய கூலி போச்சு. தறி மெக்கானிக் வந்து காது கொடுத்துச் சத்தத்தைக் கேட்டே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார். அந்தக் காது பல வருட உழைப்பில் வருவது.

வீட்டில் பேச வேண்டியது

முதலில் பணம். பிஜிஎம்ஐ-யில் ஜீப்புக்குப் புதுப் பெயின்ட், புது டிசைன் என்று காசுக்கு விற்பார்கள். அதை வாங்கினால் வண்டி வேகமாக ஓடாது. பெட்ரோலும் மிச்சமாகாது. பார்க்க அழகு, அவ்வளவுதான். இதைப் பையனிடம் ஒரு கணக்காக உட்கார்ந்து பேசலாம். இந்த டிசைனின் விலைக்கு நிஜமாகவே ஒரு ஸ்பானர் செட் வாங்க முடியுமா என்று அவனையே பார்க்கச் சொல்லலாம். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் பெற்றோரின் அனுமதியோடுதான் ஆட வேண்டும், ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம்தான் என்று அந்த விளையாட்டிலேயே கட்டுப்பாடு உண்டு. செலவுக்கும் தினசரி உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். அப்பாவின் போனில், அப்பாவின் வயதைப் போட்டு ஆடினால் இந்தக் கட்டுப்பாடு எதுவும் வேலை செய்யாது. யாருடைய பெயரில் கணக்கு இருக்கிறது என்பதை இன்றைக்கே பார்த்துவிடுவது நல்லது.

பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் ஆன்லைன் சூதாட்டம் வேறு, இது வேறு. அதைத் தடை செய்யும் சட்டம் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. இரண்டையும் ஒன்றாக்கித் திட்டினால், அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது என்ற முடிவுக்குப் பையன் வந்துவிடுவான். அதன் பிறகு அவன் பேசவே மாட்டான்.

தூக்கம் கெடுகிறது, பள்ளிக்கூடம் போக மறுக்கிறான், போனை எடுத்தால் கைநீட்டுகிறான் என்ற நிலைக்குப் போயிருந்தால் அது அறிவுரையால் தீராது. டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் 14416. எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அந்த அளவுக்குப் போகாத பிள்ளைகள்தான் பெரும்பாலும். அவர்களுக்கு ஒரு வழி காட்டலாம். பத்தாவது முடித்தவர்கள் ஐடிஐ-யில் டீசல் மெக்கானிக் ஒரு வருடம், மோட்டார் மெக்கானிக் இரண்டு வருடம் படிக்கலாம். தென்காசியிலேயே அரசு ஐடிஐ இருக்கிறது. ஆவடி போன்ற பாதுகாப்புத் தொழிற்சாலைகள் ஐடிஐ முடித்தவர்களை அப்ரன்டிஸாக எடுப்பதுண்டு. ராணுவத்தில் சேர நினைப்பவர்களுக்கு அக்னிவீர் திட்டத்தில் டெக்னிக்கல் பிரிவு இருக்கிறது. அறிவிப்பு வரும்போது தகுதியையும் வயது வரம்பையும் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். ராணுவமே வேண்டாம் என்றாலும் பரவாயில்லை. டிராக்டர், பஸ், லாரி, பொக்லைன் என்று இன்ஜின் தெரிந்த கைக்குத் தென்காசி மாவட்டத்திலேயே வேலை உண்டு.

இதையெல்லாம் பையனிடம் ஒரே நாளில் கொட்ட வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை தறியை நிறுத்தி எண்ணெய் போடும்போது அவனையும் கூட்டிப் போகலாம். மோட்டாரைத் திறக்கும்போது டார்ச் பிடிக்கச் சொல்லலாம். “மாமா, இந்த பெல்ட் ஏன் ஒரு பக்கமாத் தேயுது?” என்று மெக்கானிக்கிடம் அவனே கேட்பான். கேட்ட பிறகு அவன் கையில் ஸ்பானரைக் கொடுத்துவிட்டுப் பெரியவர்கள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தால் போதும்.