அயலார் இல்லத்தில் நம் பிள்ளை



சென்ற ஆண்டு செப்டம்பர்த் திங்களின் இறுதியில் நமக்கொரு மடல் வந்தது. எழுதியவர் நம் பங்குகளுள் ஒன்றைச் சேர்ந்த ஒரு தாய். அவருடைய பதினாறு வயது மகள், மாணவர் பரிமாற்றத் திட்டமொன்றில் தேர்வு பெற்று, அமெரிக்க நாட்டின் நடுப்பகுதியிலுள்ள சிற்றூர் ஒன்றுக்குச் சென்றிருந்தாள். அங்கு ஒரு குடும்பத்தாரின் வீட்டில் தங்கி, அவ்வூர்ப் பள்ளியில் பத்துத் திங்கள் பயில வேண்டும் என்பது ஏற்பாடு. ஆறு வாரங்கள்தான் கழிந்திருந்தன. அங்கு இரவு பத்து மணி ஆகும்போது இங்குக் காலை எட்டரை. அந்நேரத்தில் நாள்தோறும் கைப்பேசியில் அழைத்து அழுகிறாளாம். “வயிறாரச் சோறிட்டு வளர்த்த பிள்ளை பட்டினி கிடக்கிறாள். பட்டினி போடவா கடல் கடந்து அனுப்பினோம்? திரும்ப அழைத்துக்கொள்ளலாமா?” என்று அத்தாய் நம்மைக் கேட்டிருந்தார்.

மடலை இருமுறை படித்தோம். இரண்டாம் முறை படிக்கும்போதுதான் நடுவே போகிறபோக்கில் எழுதப்பட்டிருந்த ஒரு செய்தி நம் கண்ணில் தைத்தது. மாலை ஆறு மணிக்கே அவ்வீட்டில் இராவுணவு முடிந்துவிடும். “இன்னும் கொஞ்சம் வேண்டுமா?” என்று வீட்டம்மையார் ஒருமுறை கேட்பார். “வேண்டாம்” என்பாள் நம் மகள். உடனே அவர் பாத்திரத்தை மூடி எடுத்து வைத்துவிடுவார். மறுமுறை கேட்பதில்லை. “இதற்குப் பெயர் கஞ்சத்தனம் அல்லாமல் வேறென்ன?” என்று அத்தாய் வருந்தியிருந்தார்.

அன்புப் பெற்றோரே, நம் இல்லங்களில் விருந்துண்ட எவரும் இதைப் புரிந்துகொள்வர். முதல் முறை “போதும்” என்பது நமக்கு மரியாதை. இலையின்மேல் கையை வைத்து மறைப்பதும், விரல்களினூடே சோற்றை வைப்பதும், “என் மேல் ஆணை, இன்னும் ஒரு கரண்டி” என்பதும் நம் பந்தியின் இலக்கணம். மூன்றாம் முறை கேட்டபின் ஏற்றுக்கொள்வதே நாகரிகம். ஆனால் அந்த வீட்டாரின் இலக்கணம் வேறு. வேண்டும் என்றால் வேண்டும். வேண்டாம் என்றால் வேண்டாம். மறுத்த ஒருவரை வற்புறுத்துவது அவர் சொல்லை மதியாமையாகும் என்று எண்ணுகிறவர்கள் அவர்கள். முதல் நாளே குளிர்பெட்டியைத் திறந்து காட்டி, “பசித்தால் எதையும் எடுத்துக்கொள்” என்றும் சொல்லியிருக்கிறார்கள். பிறர் வீட்டுப் பெட்டியைத் திறப்பது தகாது என்று வளர்க்கப்பட்ட நம் மகளோ அதைத் தொடவேயில்லை. அவர்களிடம் அன்புக் குறைவும் இல்லை. இவளிடம் வளர்ப்புக் குறைவும் இல்லை. இரண்டு நல்ல பழக்கங்கள் ஒரு மேசையில் எதிரெதிரே அமர்ந்திருந்தன. நடுவே ஒரு குழந்தை பசித்திருந்தது!

இவ்வாறு அயலார் வீட்டில் பிள்ளையாய்த் தங்கிப் பயிலும் முறை எவ்வாறு தோன்றியது என்பதை அறிவது நமக்குப் பயன் தரும். அமெரிக்கரான டொனால்டு வாட் என்பார் 1932-இல் தம் நாட்டு இளைஞர் சிலரை ஐரோப்பாவுக்கு அழைத்துச் சென்றார். பிற நாட்டினரோடு வாழப் பழகுவது ஒரு பரிசோதனை என்று கருதி, தம் முயற்சிக்கு ‘எக்ஸ்பெரிமென்ட் இன் இன்டர்நேஷனல் லிவிங்’ என்றே பெயரிட்டார். முகாமில் கூடியிருப்பதைவிட ஒரு குடும்பத்தின் பிள்ளையாய் அவர்தம் மேசையில் அமர்வதே சிறந்த பள்ளி என்று விரைவில் தெளிந்தார். வீட்டில் தங்குவதே அவ்வமைப்பின் உயிர்நாடியாயிற்று. 1934-ஆம் ஆண்டுக் கோடையில் இவ்வாறு ஜெர்மனிக்குச் சென்றவர்களுள் சார்ஜண்ட் ஷ்ரைவர் என்னும் கத்தோலிக்க இளைஞரும் ஒருவர். 1961-இல் தொடங்கப்பெற்ற ‘பீஸ் கோர்’ என்னும் அமெரிக்கத் தொண்டர் அமைப்பின் முதல் இயக்குநரானவர் இவரே.

மற்றொரு வரலாறும் உண்டு. முதல் உலகப் போரில், காயமுற்ற பிரெஞ்சு வீரர்களை ஏற்றிச் செல்லும் வண்டிகளை ஓட்டுவதற்காக ‘அமெரிக்கன் ஃபீல்டு சர்வீஸ்’ என்னும் தொண்டர் படை உருவாயிற்று. இரண்டாம் உலகப் போரில் அப்படையினர் ஆப்பிரிக்கப் பாலைவனத்திலும், இத்தாலியிலும், நம் நாட்டின் கிழக்கெல்லையில் பர்மாப் போர்முனையிலும் பணி செய்தனர். குருதியையும் முனகலையும் அவ்வளவு அருகிலிருந்து கண்டவர்கள், போர் முடிந்ததும் தம் தலைவர் ஸ்டீபன் கலாட்டியின் வழிகாட்டலில் செய்தது என்ன? 1947-இல் பத்து நாடுகளிலிருந்து 52 மாணவரை வரவழைத்து அமெரிக்கக் குடும்பங்களில் தங்கவைத்துப் படிக்கச் செய்தனர். ஏ.எஃப்.எஸ். என்ற பெயரில் அவ்வமைப்பு இன்றும் உலகெங்கும் இயங்கி வருகிறது.

ஒன்றை மறைக்க வேண்டியதில்லை. 1933-இல் இட்லர் ஆட்சிக்கு வந்தபின்னும் ஜெர்மானிய இல்லங்கள் அயல்நாட்டு மாணவரை அன்போடு ஏற்றன. ஆயினும் 1939-இல் போர் மூண்டது. ஒரு மேசையில் உண்டதனால் உலகப் போர் நின்றுவிடவில்லை. ஆனால் அப்போரின் கொடுமையைக் கண்ணாரக் கண்டவர்களே, பிள்ளைகளை மீண்டும் ஒரு மேசையில் அமர்த்துவதுதான் வழி என்று துணிந்தார்கள் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அழுகைக்கு வருவோம். கலெர்வோ ஓபெர்க் என்னும் மானிடவியலார், அயல் பண்பாட்டில் வாழப் புகுவோர் அடையும் அதிர்ச்சியைப் பற்றி 1954-இல் ரியோ டி ஜெனீரோ நகரில் ஓர் உரை நிகழ்த்தினார். முதலில் எல்லாம் இனிக்கும். பின்னர் எல்லாம் கசக்கும். உணவு, ஓசை, அமைதி யாவும் பகையாகத் தோன்றும். அதற்கப்பால் சிறிது சிறிதாகத் தெளிவு பிறக்கும். இறுதியில் மனம் ஊன்றும். ஆறாம் வாரத்து அழுகை நோயன்று. வழியில் வரும் ஒரு மேடு. மேட்டின் நடுவில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டால், அவள் வாழ்நாள் முழுதும் நினைவில் வைத்திருப்பது மேட்டை மட்டுமே.

ஆகவே அத்தாய்க்கு நாம் எழுதிய மறுமொழி இதுதான்:

முதலாவது, மகளிடம் சொல்லுங்கள்: பசித்தால் “பசிக்கிறது” என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இது பிச்சையன்று, பிள்ளையின் உரிமை. தாயிடம் கேட்கத் தயங்காதவள் இந்தத் தாயிடமும் தயங்கலாகாது.

இரண்டாவது, நாள்தோறும் அழைப்பதை வாரம் ஒருமுறையாகக் குறையுங்கள். உடல் ஓரிடத்திலும் உள்ளம் ஓரிடத்திலுமாக எவரும் வேரூன்ற முடியாது. இரவு பத்து மணிக்கு உங்களிடம் அழுதுவிட்டால், அவ்வீட்டாரிடம் பேசுவதற்கு அவளிடம் ஒன்றும் எஞ்சியிராது.

மூன்றாவது, துன்பம் வேறு, தீங்கு வேறு. வேற்று உணவும் தனிமையும் துன்பம், அதனைப் பொறுக்கலாம். ஆனால் அச்சுறுத்தலோ, தகாத பேச்சோ, தகாத தீண்டலோ ஒருமுறை நேரினும் பொறுக்கலாகாது. அமெரிக்க அரசின் விதிகளின்படி, பள்ளி மாணவரை ஏற்கும் வீட்டிலுள்ள 18 வயது நிரம்பிய ஒவ்வொருவரின் குற்றப் பின்னணியும் ஆராயப்பட வேண்டும். பொறுப்பேற்ற அமைப்பு மாதம் ஒருமுறையேனும் மாணவரோடு தொடர்பு கொள்ள வேண்டும். அப்பொறுப்பாளரின் தொலைபேசி எண் மகளிடமும் உங்களிடமும் இருக்கட்டும். அவ்வீட்டார் இதற்காக ஊதியம் பெறுகிறவர்கள் அல்லர் என்பதையும் மறவாதீர்கள். தம் சொந்தச் செலவில் உங்கள் மகளுக்கு உணவும் இடமும் தருகிறார்கள்.

இரண்டு வாரங்கள் கழித்து மறுமடல் வந்தது. மகள் ஒரு மாலையில் துணிந்து, “எனக்குப் பசிக்கிறது, முதலில் வேண்டாம் என்பது எங்கள் வழக்கம்” என்று சொல்லிவிட்டாள். அவ்வம்மையார் சிறிது நேரம் பேசவில்லையாம். பிறகு, “என் சமையல் உனக்குப் பிடிக்கவில்லை என்றே இத்தனை நாளும் எண்ணியிருந்தேன்” என்றாராம். ஆறு வாரங்களாக அந்த வீட்டில் வருந்தியிருந்தவள் நம் மகள் மட்டுமல்லள்! அன்றிரவு இருவரும் சேர்ந்து சோறாக்கினார்கள். சோறு குழைந்துவிட்டதாம், ஆனால் மீதமில்லையாம்.

அன்புப் பெற்றோரே, விருந்தோம்பலில் நாம் வல்லவர்கள். வள்ளுவரும் அதற்கென ஓர் அதிகாரம் வகுத்தார். விருந்தாளியாய் இருக்கும் முறைக்கோ தனி அதிகாரம் இல்லை. கொடுக்கிறவன் கை மேலே இருக்கும். பெறுகிறவன் கை தாழ வேண்டும். அந்தத் தாழ்வைக் கற்பதே கடினம். நம் ஆண்டவரும் எழுபத்திருவரை அனுப்பியபோது, வீடுவிட்டு வீடு மாறாமல் ஒரே இல்லத்தில் தங்கவும், அவ்வீட்டார் அளிப்பதை உண்ணவும் பணித்தார் என்று லூக்கா எழுதுகிறார். அவர்கள் கொடுக்கச் சென்றவர்களே. ஆயினும் முதலில் பெறக் கற்க வேண்டியிருந்தது.

ஓர் எச்சரிக்கையும் தேவை. திரும்பி வரும் பிள்ளை அனுப்பிய பிள்ளையாக இராது. வீடு திரும்பியபின் இரண்டாவது மேடு ஒன்று உண்டென்று கல்லஹார்ன் தம்பதியர் 1963-இல் எழுதினர். “அங்கே அப்படியில்லை” என்று மகள் சொல்லும்போது சினவாதீர்கள். தட்டைத் தானே கழுவினால் தடுக்காதீர்கள். தம்பியையும் கழுவச் சொன்னால் இன்னும் நல்லது!

அத்தாயின் அண்மைய மடலில் ஒரு செய்தி. மகள் ஜூனில் வீடு திரும்பினாள். இப்பொழுது வெளிநாட்டு மாணவி ஒருத்தியைத் தம் வீட்டில் தங்கவைக்கலாமா என்று குடும்பத்தார் ஆலோசித்து வருகிறார்களாம். “அவள் வேண்டாம் என்றால் ஒருமுறைக்கு மேல் கேட்கலாமா, கூடாதா?” என்பது அத்தாயின் இப்போதைய கவலை.

அந்தப் பிள்ளையிடமே கேளுங்கள் என்று எழுதியிருக்கிறோம்.