அடுப்பும் அயலாரும்

குளிர்நாடுகளின் இலக்கியத்தில் நெருப்புக்கென்று ஒரு நாற்காலி எப்போதும் போடப்பட்டிருக்கிறது. 1843இல் நதானியல் ஹாதோர்ன் ‘நெருப்பு வழிபாடு’ என்றொரு கட்டுரை எழுதினார். மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கான்கார்டில் அப்போது குடியிருந்த அவருக்கு, திறந்த கணப்பின் இடத்தை மூடிய இரும்பு அடுப்பு பிடித்துக்கொண்டதில் பெரிய மனக்கசப்பு. சுடர் கண்ணுக்குத் தெரியாத வீட்டில் குடும்பம் கூடியிருக்க ஒரு மையம் இல்லாமற் போய்விடும் என்று அஞ்சினார். அதே ஊர்க்காரரான தோரோவும், விறகைச் சிக்கனப்படுத்த ஒரு சிறிய அடுப்பை வைத்துக்கொண்ட பின் துணையொன்றை இழந்ததுபோல் உணர்ந்ததாக ‘வால்டன்’ நூலில் (1854) சொல்கிறார்.

இந்த ஏக்கம் இன்றும் நல்ல விலைக்குப் போகிறது. கண்ணாடிக் கதவுள்ள வார்ப்பிரும்பு அடுப்பு, அருகே அடுக்கிய விறகு, மடியில் ஒரு புத்தகம்: விளம்பரப் படங்கள் நம்மைப் போன்ற வாசகர்களையே குறிவைத்து எடுக்கப்பட்டவை போலிருக்கின்றன. கனடாவில் வீடு வாங்குகிற நம்மவர்களிலும் சிலர் அதில் மயங்குகிறோம். எந்த வடிவம், எந்த நிறம், சுடர் எவ்வளவு தெரியும் என்பவையே கேள்விகளாகின்றன. நம் கருத்து வேறு. நகரத்து விறகடுப்பு அலங்காரப் பொருள் அன்று. மின்சாரம் நின்றுபோகும் இரவுக்கான காப்பு அது. அயலார் வீட்டுக்கு நாம் அனுப்பும் புகையும் அதுவே. இவ்விரண்டையும் எண்ணித்தான் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மொன்றியல் நகரம் இவ்விரண்டையும் அனுபவத்தில் கற்றுக்கொண்டது. 1998 ஜனவரி 5 முதல் சில நாட்கள் விடாமல் பெய்த உறைமழையில் மின்கம்பிகள் பனிக்கட்டியின் பாரம் தாங்காமல் அறுந்தன. இரும்பு மின்கோபுரங்கள் நூற்றுக்கணக்கில் மடங்கி விழுந்தன. கியூபெக் மாநிலத்தில் 30 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மின்சாரம் இழந்தனர். மொன்றியலுக்குத் தெற்கே சில ஊர்களில் இருள் விலக ஒரு மாதம் ஆயிற்று. அங்கே பெரும்பாலான வீடுகள் நீர்மின்சாரத்தால் சூடேற்றப்படுபவை. ஆகவே விளக்கு அணைந்தபோது வெப்பமும் அணைந்தது. விறகடுப்பு இருந்த வீடு அந்நாட்களில் தெருவுக்கே வீடாயிற்று. அதன்பின் பலர் விறகடுப்பை நாடியதில் வியப்பில்லை.

ஆனால் ஒரு பேரிடருக்காக வாங்கிய அடுப்பு, பேரிடர் இல்லாத மாலைகளிலும் எரிந்தது. காற்றசையாத கடுங்குளிர் இரவுகளில் தரையருகே குளிர்ந்த காற்று தங்கிவிட, மேலேயுள்ள வெப்பமான காற்று மூடிபோல் கவிந்துகொள்கிறது. புகை மேலெழ வழியின்றித் தெருக்களிலேயே தேங்குகிறது. குளிர்கால நுண்துகள் மாசில் 39 விழுக்காடு விறகெரிப்பால் வருவதாக மாநகராட்சியே கணக்கிட்டது. இத்துகள்கள் நுரையீரலின் ஆழம் வரை செல்பவை. புகைபோக்கி நம் புகையைக் கூரைக்கு மேலே அனுப்பிவிடுகிறது; அதற்குப் பின் அது நம்முடையதன்று என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

2018 அக்டோபர் 1 முதல் மொன்றியலில், மணிக்கு 2.5 கிராமுக்கு மேல் நுண்துகள் வெளியிடும் விறகடுப்புகளைப் பயன்படுத்தத் தடை வந்தது. புகைமூட்ட எச்சரிக்கை நாட்களில் தரச்சான்று பெற்ற அடுப்பையும் மூட்டக் கூடாது. ஆனால் மின்தடை மூன்று மணி நேரத்தைத் தாண்டினால் எந்த அடுப்பையும் மூட்டலாம். இந்த விலக்கைத்தான் சட்டத்தின் மிக அறிவார்ந்த பகுதியாக நாம் கருதுகிறோம். அடுப்பு எதற்கு, எதற்கல்ல என்பதை அது ஒரே வரியில் சொல்லிவிடுகிறது.

இது ஏழைகளைத் தண்டிப்பதாகாதா என்ற கேள்வி நியாயமானது. பழைய அடுப்பை மாற்றக் காசில்லாதவரிடம் தடையை மட்டும் நீட்டுவது அறமன்று. டாஸ்மேனியாவின் லான்செஸ்டன் நகரில் 2001 முதல் 2004 வரை, விறகடுப்பைக் கைவிடுவோருக்கு அரசு பணம் தந்தது. விறகால் சூடேற்றிய வீடுகள் 66 விழுக்காட்டிலிருந்து 30 விழுக்காடாகக் குறைந்தன. குளிர்காலக் காற்றும் தெளிந்தது. தடை விதிக்கும் நகரம் கைகொடுக்கவும் வேண்டும்.

இனி, வாங்குவோருக்குச் சில சொற்கள். முதலாவது அளவு. அறைக்கு மிஞ்சிய அடுப்பை நன்றாக எரித்தால் வீட்டில் இருக்க முடியாது. ஆகவே காற்றைக் குறுக்கி மந்தமாகக் கனலவிடுவோம். புகை பிறப்பது அங்கேதான். விறகின் வெப்பத்தில் பாதிக்கும் மேல், அது சூடேறும்போது வெளிவிடும் ஆவிகளில் இருக்கிறது. போதிய சூடும் காற்றும் இல்லாவிடில் அவை எரியாமலே வெளியேறும். ஒரு பகுதி கிரியோசோட் என்னும் கரிய பிசினாகப் புகைபோக்கியின் உட்சுவரில் படிந்து, பின்னொரு நாள் அங்கேயே தீப்பற்றும். சிறிய அடுப்பில் சுறுசுறுப்பான தீயே நல்லது. அதற்கும் முன்னால், வீட்டின் சாளர இடுக்குகளை அடைப்பது இன்னும் நல்லது.

இரண்டாவது, மரத்தூளை அழுத்திச் செய்த குளிகைகளை எரிக்கும் அடுப்பு. புகை குறைவு, ஆனால் பெரும்பாலானவற்றில் குளிகையைத் தள்ளவும் காற்றை ஊதவும் மின்சாரம் தேவை. மின்தடைக்காக வாங்குவோர் இதை மறக்கலாகாது.

மூன்றாவது விறகு. அன்று வெட்டிய மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி நீர். அது 20 விழுக்காட்டுக்குக் கீழே இறங்க, பிளந்து அடுக்கி ஓரிரு கோடைகள் காத்திருக்க வேண்டும். ஈர விறகு மிகச் சிறந்த அடுப்பையும் மோசமான அடுப்பாக்கிவிடும். ஆண்டுக்கொருமுறை புகைபோக்கியைத் துப்புரவு செய்வதும், கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியும் செலவோடு சேர்ந்தவை. 2023 ஏப்ரலில் உறைமழை மீண்டும் வந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் துண்டிக்கப்பட்டபோது, வெளியில் வைக்க வேண்டிய வாட்டடுப்பை வீட்டுக்குள் மூட்டி அந்த நச்சுவாயுவில் சிக்கியவர்கள் உண்டு. முறையாகப் பொருத்திய அடுப்பின் அருமை அத்தகைய இரவில்தான் விளங்கும்.

விறகுப் புகை நமக்குப் புதிதல்ல. நம் தாய்மாரும் பாட்டிமாரும் அதை ஊதி ஊதிக் கண் சிவந்தவர்கள். அவர்களில் எவரும் அதை அழகென்று சொன்னதில்லை. அவர்களுக்கு வேறு வழியிருக்கவில்லை, நமக்கு இருக்கிறது. ஆகவே நல்ல அடுப்பை வாங்குவோம், உலர்ந்த விறகை அடுக்கி வைப்போம், பெரும்பாலான இரவுகளில் அதை மூட்டாமலே உறங்கப் போவோம். பக்கத்து வீட்டில் இழுப்பு நோயுள்ள குழந்தையொன்று இருக்கலாம்.