கடலூரில் அம்மா... சிதம்பரத்தில் அப்பா... ஞாயிற்றுக்கிழமை யாருக்கு?

விவாகரத்துத் தீர்ப்போடு கணவன், மனைவி உறவு முடிந்துவிடும். அப்பா, அம்மா உறவு முடியாது. ஸ்கூல் ஃபீஸ், காய்ச்சல், ஆண்டு விழா, காலேஜ் அட்மிஷன் என்று பிள்ளைக்காக இருவரும் பேசியே ஆக வேண்டும். பிரிந்த தம்பதிகள் பலரும் தடுமாறுவது இங்கேதான்.

எட்டு வயது மகள் அம்மாவோடு கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறாள், அப்பா சிதம்பரத்தில் வேலை பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை. மொத்தமே 45 கிலோமீட்டர் அளவுதான். ஆனால், பெரியவர்களுக்குள் பேச்சு நின்றுபோனால், அந்தக் குழந்தைக்கு அது கடல் தாண்டும் தூரம்.

சட்டம் என்ன சொல்கிறது?

குழந்தை வழக்கமாக எந்த ஊரில் வசிக்கிறதோ, அந்தப் பகுதி நீதிமன்றத்தில்தான் பொறுப்பு கேட்டு மனு போட வேண்டும் என்கிறது 1890-ம் ஆண்டின் பாதுகாவலர் சட்டம். எனவே, அப்பா சிதம்பரத்தில் இருந்தாலும் கடலூருக்குத்தான் வர வேண்டும்.

இந்துக்களுக்கான 1956-ம் ஆண்டு சட்டப்படி, ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாக அம்மாவிடமே இருக்கும். அதற்காக, ஐந்து வயது முடிந்ததும் அப்பாவிடம் தானாகப் போய்விடும் என்று அர்த்தமில்லை. யார் அதிகம் சம்பாதிக்கிறார், யார் மீது தப்பு என்பதைவிட, குழந்தையின் நலன் எங்கே என்பதைத்தான் நீதிமன்றம் முதலில் பார்க்கும். விவரம் தெரிந்த பிள்ளை என்றால் அதன் விருப்பத்தையும் கேட்கும். அப்பாதான் இயற்கைப் பாதுகாவலர், அவருக்குப் பிறகே அம்மா என்று இருந்த நிலையும், எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடர்ந்த வழக்கில் 1999-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த விளக்கத்தால் மாறியது.

விருந்தாளிபோல நடத்துங்கள்!

பொறுப்பு ஒருவருக்குக் கிடைத்தால், பார்க்கும் உரிமை மற்றவருக்கு உண்டு. நேரில் பார்ப்பதோடு, போனிலும் வீடியோ காலிலும் தினமும் சில நிமிடங்கள் பேசும் வாய்ப்பு வேண்டும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பிள்ளையைப் பார்க்க வரும் முன்னாள் துணையை விருந்தாளியாக நினைத்து டீ, பலகாரம் கொடுத்து மரியாதையாக நடத்த வேண்டும் என்று 2022-ல் சென்னை உயர் நீதிமன்றம் அறிவுறுத்தியது. அந்த டீ, வந்தவருக்காக மட்டுமல்ல. பக்கத்தில் நின்று பார்க்கும் பிள்ளைக்காகவும்தான்.

எழுதி வைத்தால் சண்டை குறையும்

'மாதம் இரண்டு ஞாயிறு' என்று மட்டும் எழுதிக்கொண்டால் போதாது. எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், யார் கொண்டுவந்து விடுவது, பஸ் செலவு யாருடையது, பரீட்சையோ காய்ச்சலோ வந்தால் அதற்குப் பதில் எந்த நாள் என்பதெல்லாம் முன்கூட்டியே முடிவாகட்டும். தீபாவளி ஓர் ஆண்டு கடலூரில் என்றால் மறு ஆண்டு சிதம்பரத்தில். மார்கழியில் ஆருத்ரா தேர் பார்க்க அப்பா வீட்டுக்குப் போகலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். தாத்தா, பாட்டியின் பாசம் எந்தப் பக்கமும் அறுந்துபோகக் கூடாது.

இதையெல்லாம் செய்யாதீர்கள்

* 'பணம் வரலை, பிள்ளையைக் காட்ட மாட்டேன்', 'பிள்ளையைக் காட்டலை, பணம் தர மாட்டேன்' இரண்டுமே தவறு. ஜீவனாம்சம் பிள்ளையின் சாப்பாடு, படிப்பு. பார்ப்பது பிள்ளையின் உறவு. எது நின்றாலும் அதற்கு நீதிமன்றத்தில் தனியே வழி இருக்கிறது.

* 'அப்பாகிட்ட ஃபீஸ் கேட்டு வாங்கிட்டு வா' என்று பிள்ளையைத் தூது அனுப்ப வேண்டாம். நேரில் பேச முடியாவிட்டால் வாட்ஸ்அப்பில் இரண்டு வரி போதும்.

* திரும்பி வந்ததும் 'அங்க யார் இருந்தாங்க? என்னைப் பத்தி என்ன சொன்னாங்க?' என்று குடைய வேண்டாம். 'சாப்பிட்டியாம்மா?' என்று கேட்டாலே போதும்.

'நான் போகலை' என்று பிள்ளை சொன்னால்?

தான் கிளம்பினால் அம்மா தனியாக அழுவாள் என்ற கவலையிலேயே சில பிள்ளைகள் மறுப்பார்கள். 'நீ சந்தோஷமா போய்ட்டு வா, அம்மா நல்லா இருப்பேன்' என்ற வார்த்தை அதற்கு மருந்து. ஆனால், அடி, குடி, தவறான தொடுதல் என்று பயத்துக்குக் காரணம் இருந்தால் சமாதானம் பேசி அனுப்பக் கூடாது. உடனே நீதிமன்றத்தில் தெரிவித்து, சந்திப்பை நிறுத்தவோ வேறொருவர் மேற்பார்வையில் வைக்கவோ கேட்கலாம். அவசரத்துக்கு 1098 எண்ணில் குழந்தைகள் உதவி மையம் இருக்கிறது.

வக்கீல் ஃபீஸுக்குப் பயந்து சும்மா இருக்க வேண்டியதில்லை. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. கடலூரில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவையும், சிதம்பரத்தில் வட்ட சட்டப் பணிகள் குழுவையும் அணுகலாம். போனில் கேட்க 15100.

முக்கியமாக ஒன்று. எட்டு வயதில் போட்ட ஏற்பாடு, டியூஷனும் தோழிகளும் வந்துவிட்ட 14 வயதுக்குப் பொருந்தாது. நீதிமன்ற உத்தரவையே மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம். மனு போடும் முன், 'உனக்கு எது வசதி?' என்று மகளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.