துணைவேந்தர் நாற்காலி யாருடையது?

ஆதம்பாக்கத்திலிருந்து கிண்டித் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகும் தோழர்கள் பரங்கிமலை ஸ்டேஷனில் ரயிலேறினால் அடுத்த ஸ்டேஷனில் இறங்கிவிடுவார்கள். கிண்டியிலே ஒரு புறம் பட்டறைகள். மறுபுறம், சர்தார் பட்டேல் சாலையிலே, பொறியியல் கல்லூரியும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வளாகமும். அந்த மதிற்சுவருக்குள்ளே நடப்பது படித்தவர்களின் சங்கதி, நமக்கென்ன என்று நம்மில் பலர் எண்ணுகிறார்கள். இது சரியல்ல. அந்தச் சுவரும் நம் உழைப்பால் எழுந்தது. அதற்குள்ளே போக வேண்டியது நம் பிள்ளைகள்.

பல்கலைக்கழகம் வெள்ளைக்காரன் மனமிரங்கிக் கொடுத்த தானம் என்று இன்றும் சிலர் பேசுகிறார்கள். வரலாறு வேறு விதமாக இருக்கிறது. 1839 நவம்பரில், உயர்கல்விக்கு ஏற்பாடு வேண்டும் என்று கேட்டு, சென்னைவாசிகள் 70,000 பேர் கையெழுத்திட்ட மனு கவர்னர் எல்பின்ஸ்டனிடம் போயிற்று. பயணிகள் ரயிலும் தந்தியும் சென்னைக்கு வராத காலத்தில் எழுபதாயிரம் கையெழுத்து! கம்பெனியார் ஒரு பள்ளிக்கூடத்தைத் திறந்து காலத்தைத் தள்ளினார்கள். பல்கலைக்கழகம் வர மேலும் பதினெட்டு வருஷம் பிடித்தது. 1857 செப்டம்பர் 5-ம் தேதி சட்டம் வந்தபோது டில்லியிலே சிப்பாய்கள் கம்பெனிப் படையை எதிர்த்து நின்றுகொண்டிருந்தார்கள்.

வந்தது எப்படிப்பட்ட பல்கலைக்கழகம்? லண்டன் பல்கலைக்கழகத்தின் அச்சு. பாடம் சொல்லித் தராது. பரீட்சை வைக்கும், பட்டம் கொடுக்கும். உச்சியில் வேந்தர், அவர் கவர்னர். அடுத்து துணைவேந்தர்; முதலாமவர் ஒரு ஜட்ஜ் துரை. கீழே செனட் உறுப்பினர்கள், சர்க்கார் பொறுக்கியெடுத்தவர்கள். கிண்டிப் பொறியியல் கல்லூரியின் வேரோ இன்னும் பழையது: 1794-ல் தொடங்கிய சர்வே பள்ளி. நிலத்தை அளந்தால்தானே குடியானவனிடம் வரி கறக்கலாம்! துரைமாருக்குக் கல்வியின் மேல் வந்த காதலின் லட்சணம் இதுதான்.

1904-ல் கர்சன் பிரபு புதுச் சட்டம் போட்டுச் சர்க்காரின் பிடியை இறுக்கினார். 1923 சட்டம் செனட்டைப் பெரிதாக்கியது, தேர்தலுக்குக் கொஞ்சம் இடம் வைத்தது, பல்கலைக்கழகமே ஆராய்ச்சியும் போதனையும் நடத்த வழி செய்தது. நல்லதுதான். ஆனால் உச்சி நாற்காலி அசையவில்லை. 1948-ல் வெள்ளைக் கவர்னர் பதவியிலிருந்து போனார். வேந்தர் பதவி போகவில்லை.

அதன் பலனை நாம் கண்ணால் கண்டோம். 2022-ல் தமிழகச் சட்டசபை, துணைவேந்தர்களை நியமிக்கும் அதிகாரத்தை ஆளுநரிடமிருந்து மாநில அரசுக்கு மாற்ற மசோதாக்கள் நிறைவேற்றியது. ஆளுநர் கிடப்பில் போட்டார். 2023 நவம்பரில் அவர் பத்து மசோதாக்களைத் திருப்பியனுப்ப, சட்டசபை அவற்றை மறுபடியும் நிறைவேற்றியது. 2025 ஏப்ரல் 8-ம் தேதி சுப்ரீம் கோர்ட் அந்தப் பத்துக்கும் ஒப்புதல் கிடைத்ததாகவே கொள்ள வேண்டுமென்றது; மே மாதம் ஹைகோர்ட் துணைவேந்தர் நியமன ஷரத்துகளுக்குத் தடை போட்டது; நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள், இப்படித் தானாக ஒப்புதல் கிடைத்ததென்று சொல்வதற்கில்லை என்றனர். இதற்கிடையே 2023 ஆகஸ்டில் காலியான சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் நாற்காலி, வருஷம் இரண்டு தாண்டியும் காலியாகவே கிடந்தது. 2024 பிப்ரவரியிலே வருமான வரி இலாகா ரூ.400 கோடிக்கு மேல் பாக்கி என்று பல்கலைக்கழகத்தின் பாங்குக் கணக்குகளை முடக்கியது. அடி யார் மேல் விழுந்தது? ஆளுநர் மேல் அல்ல, மந்திரி மேலும் அல்ல. சம்பளத்துக்கும் பென்ஷனுக்கும் காத்து நின்ற ஊழியர் மேலும், முதியவர்கள் மேலும்.

அதிகாரம் ஆளுநரிடமிருந்து சட்டசபைக்குப் பொறுப்பான சர்க்காருக்கு வருவதை நாம் ஆதரிக்கிறோம். சந்தேகத்துக்கே இடமில்லை. ஆனால் கோட்டையோடு பேச்சு முடிந்துவிடுமா? ஆளுநர் மாளிகையில் எழுதுகிற பெயரைச் செயலகத்தில் எழுதினால், வளாகத்துக்குள்ளே இருப்பவன் அப்போதும் வேடிக்கைதானே பார்ப்பான்?

இங்கே பிரான்சைப் பார்ப்பது நல்லது. நெப்போலியன் 1808-ல் நாட்டின் கல்வி முழுவதையும் ஒரே சர்க்கார் பல்கலைக்கழகமாகக் கட்டி, தலைமை அதிகாரி ஒருவரை மேலே உட்கார வைத்தான். நம் வேந்தருக்கு மூத்த அண்ணன் என்று சொல்லலாம். அந்த மேலதிகாரப் பழக்கம் நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஓடியது. 1968 மே மாதத்தில் நாந்தேரிலும் சார்போனிலும் மாணவர்கள் எழுந்தனர், போலீஸ் அடித்தது. உடனே ஆலைகள் நின்றன. ரெனோ மோட்டார் தொழிற்சாலை உட்பட ஏறக்குறைய ஒரு கோடித் தொழிலாளர் வேலைநிறுத்தம்! கூலி உயர்ந்தது. கல்வியிலும் பிடி தளர்ந்தது. அவ்வருஷம் நவம்பரில் வந்த சட்டத்தின்படி பழைய பாரிஸ் பல்கலைக்கழகம் பதின்மூன்றாகப் பிரிந்தது. ஒவ்வொன்றிலும் ஆசிரியர், அலுவலக ஊழியர், மாணவர் ஆகியோர் வோட்டுப் போட்டுக் கவுன்சிலைத் தேர்ந்தெடுத்தனர். தலைவரைக் கவுன்சில் தேர்ந்தெடுத்தது. மேலே ஆள் இறக்கும் வழக்கம் போயிற்று.

பிரெஞ்சு முதலாளி வர்க்கம் சும்மா இருக்கவில்லை. 2007-ல் வேறொரு சட்டம் கவுன்சிலைச் சிறிதாக்கித் தலைவரின் கையில் அதிகாரத்தைக் குவித்தது. 2009-ல் ஆசிரியர்கள் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2019-லிருந்து ஐரோப்பாவுக்கு வெளியேயிருந்து வரும் மாணவருக்குக் கட்டணம் பன்மடங்கு. ஆகவே பிரான்ஸ் சொர்க்கம் என்று நாம் சொல்லவில்லை. அங்கே பல்கலைக்கழகம் யாருடையது என்ற சண்டையில் ஊழியனும் மாணவனும் வோட்டுச்சீட்டோடு நிற்கிறார்கள். இங்கே மனுவோடு நிற்கிறார்கள்.

“கூட்டிப் பெருக்குகிறவனுக்குப் பட்டப்படிப்பைப் பற்றி என்ன தெரியும்?” என்று கேட்கும் கனவான்கள் உண்டு. பாடத்திட்டத்தை அவர் எழுத வேண்டுமென்று யார் சொன்னார்கள்? கணக்கு வழக்கு, கட்டணம், விடுதிச் சோறு, காண்ட்ராக்ட் கூலி, கௌரவ விரிவுரையாளருக்கு மாதம் தவறாத சம்பளம் ஆகியவை அவருக்குத் தெரியும், கனவானைவிட நன்றாகவே தெரியும். பல்கலைக்கழகச் சட்டம் மறுபடி சட்டசபைக்கு வரும்போது, சிண்டிகேட்டில் ஊழியர்களுக்கும் மாணவர்களுக்கும் வோட்டால் நிரப்பும் இடங்கள் எத்தனை என்பதை அந்த மசோதாவிலேயே எழுத வேண்டும். வரி பாக்கி யாருடையதானாலும் பென்ஷன் பணத்தில் எவரும் கைவைக்க முடியாதபடி அதைத் தனி நிதியாக வைக்கும் ஷரத்தும் அதிலேயே சேர வேண்டும்.