சுபாவமா, சந்தர்ப்பமா?

மனஸ்தத்துவ சாஸ்திரத்தைப் பாடமாக எடுத்துக்கொண்ட மாணவனிடம் உற்றாரும் அயலாரும் முதலில் எதிர்பார்ப்பது, எதிரே நிற்பவருடைய நெஞ்சில் மறைந்து கிடப்பதைப் பார்த்த மாத்திரத்தில் எடுத்துரைக்கும் ஆற்றலைத்தான். அந்த எதிர்பார்ப்பு விரைவில் மாணவனையும் தொற்றிக்கொள்கிறது. பாடப்புத்தகத்தின் முதற்சில அதிகாரங்களைத் தாண்டுவதற்குள்ளாகவே, முன்கோபக்காரரான மாமாவுக்கு ஒரு நோயின் பெயரையும், பூட்டிய கதவை மறுபடியும் மறுபடியும் இழுத்துப் பார்க்கும் அத்தைக்கு இன்னொரு நோயின் பெயரையும் சூட்டிவிட அவன் துணிகிறான். இப்பாடத்தின் முதற்படியில் நிற்கும் மாணவன் என்ற முறையில் நான் சொல்லக்கூடியது இதுதான்: இதுவரை பயின்றவற்றுள் என் அன்றாட வாழ்வில் மெய்யாகவே பயன்பட்டது பிறருக்குப் பெயர் சூட்டும் வித்தையன்று, ஒரு மனிதர் செய்த காரியத்துக்குக் காரணம் தேடும்போது, அவர் எப்படிப்பட்டவர் என்று கேட்பதற்கு முன்னால், அவர் எந்த நிலையில் நின்றுகொண்டிருந்தார் என்று கேட்கும் பழக்கமே.

ஜான் டார்லி, டேனியல் பேட்ஸன் என்னும் இருவர் 1973-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியைப் படித்தபோதுதான் இக்கேள்வியின் கனம் எனக்குப் புலப்பட்டது. அமெரிக்காவில் பிரின்ஸ்டன் நகரத்து இறையியல் கல்லூரியில் பயின்றுகொண்டிருந்த மாணவர்களை அவர்கள் அழைத்து, அருகிலிருந்த மற்றொரு கட்டடத்துக்குச் சென்று சிற்றுரை ஒன்று நிகழ்த்துமாறு கேட்டுக்கொண்டார்கள். சிலருக்குக் கொடுத்த பொருள், இறையியல் பயின்றவர்களுக்கு ஏற்ற உத்தியோகங்கள் யாவை என்பது. மற்றவர்களுக்குக் கொடுத்ததோ, எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகும் வழியில் கள்வர் கையில் அடிபட்டுக் குற்றுயிராய்க் கிடந்தவனை ஆசாரியனும் லேவியனும் விலகிக் கடந்துவிட, அந்நியனான சமாரியன் எடுத்துக் காப்பாற்றிய விவிலியக் கதை. புறப்படும் வேளையில் ஒரு பகுதியினரிடம் ஏற்கெனவே தாமதமாகிவிட்டது என்றும், ஒரு பகுதியினரிடம் எல்லாம் தயாராக இருக்கிறது, உடனே செல்லலாம் என்றும், எஞ்சியவர்களிடம் இன்னும் சில நிமிஷங்கள் அவகாசம் உண்டு என்றும் சொல்லி அனுப்பினார்கள். போகும் வழியில் ஒரு சந்திலே, ஆராய்ச்சியாளர்களால் அமர்த்தப்பட்ட ஒருவர், தலை கவிழ்ந்து கண்ணை மூடி, இருமி முனகியபடி சரிந்து கிடந்தார். அவகாசம் இருந்தவர்களில் நூற்றுக்கு 63 பேர் ஏதாவதொரு வகையில் அவருக்கு உதவ முன்வந்தார்கள். மிகவும் அவசரப்படுத்தப்பட்டவர்களிலோ நூற்றுக்குப் பத்துப் பேரே முன்வந்தார்கள். சமாரியனைப் பற்றிப் பேசப் போகிறோம் என்னும் நினைவும், அவரவருடைய சமயப் பற்றின் தன்மையும் யார் நிற்பார், யார் கடந்து போவார் என்பதை நிர்ணயிக்கவில்லை. அவசரம் ஒன்றே நிர்ணயித்தது.

இந்தக் கதையை இவ்வளவோடு நிறுத்திவிட்டால், மனிதருடைய பக்தி வெறும் வேஷம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு எழுந்துபோவது எளிது. ஆனால் டார்லியும் பேட்ஸனும் எழுதிய இன்னொரு செய்தி என் மனத்தைவிட்டு அகலவில்லை. நிற்காமல் சென்றவர்களில் பலர், போய்ச் சேர்ந்த இடத்தில் கலக்கமுற்றவர்களாகவே காணப்பட்டார்களாம். ஒருபுறம் தங்களை நம்பிக் காத்திருப்பவர்கள், மறுபுறம் வழியிலே கிடக்கும் மனிதர். இருவருக்கும் தாங்கள் கடமைப்பட்டிருப்பதை உணர்ந்து, அந்த இழுபறியிலேயே கால்கள் முன்னே சென்றுவிட்டன. அவர்களைக் கல்நெஞ்சர் என்று சொல்வது சுலபந்தான். அது பொருந்தாது என்பதே இவ்வாராய்ச்சியிலிருந்து நான் பெற்ற முதற்பாடம்.

ஆயினும் நாம் எளிதில் சொல்லிவிடுவது அத்தகைய சொற்களையே. எட்வர்ட் ஜோன்ஸ், விக்டர் ஹாரிஸ் என்னும் இருவர் 1967-இல் வெளியிட்ட பரிசோதனையில், கியூபாவின் காஸ்ட்ரோவை ஆதரித்தும் எதிர்த்தும் எழுதப்பட்ட கட்டுரைகளை மாணவர்களிடம் கொடுத்து, எழுதியவருடைய சொந்த அபிப்பிராயம் என்னவாக இருக்கும் என்று கேட்டார்கள். எந்தப் பக்கத்தை ஆதரிப்பது என்பதைத் தேர்ந்துகொள்ளும் சுதந்திரம் எழுதியவருக்குக் கொடுக்கப்படவில்லை என்று தெளிவாகச் சொன்ன பிறகுங்கூட, ஆதரித்து எழுதியவர் காஸ்ட்ரோவின் பக்கம் சாய்ந்தவராகவே இருப்பார் என்று படித்தவர்கள் எண்ணினார்கள். நிர்ப்பந்தம் கண்ணெதிரே நிற்கும்போதும் அதைத் தள்ளிவிட்டு, செயலிலிருந்து நேராகச் சுபாவத்துக்குத் தாவும் இந்த வழக்கத்தை லீ ராஸ் 1977-இல் காரணங்காண்பதில் நேரும் அடிப்படைப் பிழை என்று அழைத்தார்.

இது மனித இனம் முழுவதற்கும் பொதுவான பிழைதானா என்று ஐயுற்று, ஜோன் மில்லர் என்னும் அம்மையார் சிகாகோவிலும் நம் மைசூரிலும் குழந்தைகளிடமும் பெரியவர்களிடமும் விசாரித்து, 1984-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். எட்டு வயதுக் குழந்தைகளிடையே இரண்டு ஊர்களுக்கும் அதிக வேறுபாடு இல்லை. வயது ஏற ஏற, அமெரிக்கர்கள் மனிதருடைய குணத்தையும், மைசூர்க்காரர்கள் அவருக்கு நேர்ந்த சூழ்நிலையையும் அதிகமாகக் காரணம் காட்டத் தொடங்கினார்கள். அவர் காரணம் கேட்ட சம்பவங்களுள் ஒன்று குறிப்பிடத்தக்கது. வக்கீல் ஒருவர் ஓட்டிச் சென்ற மோட்டார் சைக்கிள் விபத்துக்குள்ளாகி, பின்னால் அமர்ந்திருந்தவருக்குத் தலையில் அடிபட்டுவிட்டது. வக்கீல் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு நீதிமன்றத்துக்குப் போய்விட்டார். அடிபட்டவர் பிற்பாடு இறந்துபோனார். இதைக் கேட்ட அமெரிக்கர், வக்கீல் பொறுப்பற்றவர் என்றார்; இந்தியரோ, கட்சிக்காரருக்காக நீதிமன்றத்தில் நிற்க வேண்டிய கடமை அவருக்கு இருந்ததையும், அடிபட்டவரைப் பார்த்தபோது ஆபத்து வெளியில் தெரியாமல் இருந்திருக்கக்கூடும் என்பதையும் சொன்னார்.

இதைப் படித்து நாம் பெருமை கொள்வதற்கு முன்னால் சற்று நிதானிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. சூழ்நிலையைக் கண்டு காரணம் சொல்லும் பக்குவம் நம்மிடம் இருக்கிறது என்பது மெய்யே. ஆனால் அதை நாம் எல்லாருக்கும் வழங்குவதில்லை. நம் வீட்டுப் பிள்ளை பரீட்சையில் தவறினால் வினாத்தாள் கடினமாக இருந்ததையும், காய்ச்சல் கண்டிருந்ததையும் எடுத்துச் சொல்கிறோம். வீட்டுவேலை செய்யும் அம்மாளின் பிள்ளை தவறினால் அவனுக்குப் படிப்பு ஏறாது என்கிறோம். சில்லறை கேட்டுக் கடுகடுக்கும் பேருந்து நடத்துனர் விடியற்காலையிலிருந்து எத்தனை நடை வந்திருக்கிறார் என்பதைப் பற்றி நாம் யோசிப்பதில்லை. நம்முடைய கடுகடுப்புக்கோ உறக்கமின்மை முதலிய தக்க காரணங்களை உடனே கண்டுபிடிக்கிறோம். இவையெல்லாவற்றிலும் கொடியது, பிறப்பினால் ஒரு கூட்டத்தாரைச் சேர்த்துப் பிடித்து, அவர்கள் சுபாவமே அப்படித்தான் என்று சொல்லிவிடுவது. நிலமும் கல்வியும் மறுக்கப்பட்டதன் விளைவுகளை அவர்களுடைய இரத்தத்தின் குணமாகக் காட்டியே சாதி என்னும் அமைப்பு தனக்கு நியாயம் தேடிக்கொண்டு வந்திருக்கிறது. ராஸ் சுட்டிய பிழை நம் நாட்டில் தனிமனிதரோடு நிற்கவில்லை. ஊரின் அமைப்பிலும் குடியிருப்பின் எல்லையிலும் அது நிலைபெற்றுவிட்டது.

வகுப்பறையில் இதன் சிறிய வடிவம் ஒன்றை நாள்தோறும் காணலாம். பாடம் மனத்தில் நிற்கவில்லை என்றால் மாணவன் மந்தபுத்தியுள்ளவன் என்பது முடிந்துபோன விஷயமாகக் கருதப்படுகிறது. ஜெர்மனியில் ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1885-இல் வெளியிட்ட நூலில், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, தம் மறதியைத் தாமே அளந்து காட்டினார். மீண்டும் கற்பதில் மிச்சமாகும் உழைப்பைக் கொண்டு அளந்தபோது, ஒரு மணி நேரத்துக்குள் பாதிக்குமேல் கழிந்துபோயிருந்தது, ஒரு நாளில் மூன்றில் ஒரு பங்கே எஞ்சியிருந்தது. அவர் மந்தபுத்திக்காரரல்லர். ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக் இருவரும் 2006-இல் காட்டியது மாணவர்களுக்கு இன்னும் நெருக்கமானது. ஒரு பகுதியைத் திரும்பப் படித்தவர்கள், படித்ததை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் என்ற இரு சாராரில், ஐந்து நிமிஷங்களுக்குப் பின் சோதித்தபோது திரும்பப் படித்தவர்களே 81-க்கு 75 சதவீதம் என்று முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோதோ, எழுதிப் பார்த்தவர்களிடம் 56 சதவீதமும், திரும்பப் படித்தவர்களிடம் 42 சதவீதமுமே தங்கியிருந்தன. ஆகவே, பரீட்சைக்கு முந்திய இரவில் புத்தகத்தைப் பலமுறை புரட்டிய மாணவனுக்கு எல்லாம் தெரிந்ததுபோன்ற ஒரு நிறைவு உண்டாவது இயல்பே. அந்த நிறைவை நம்பி அவன் ஏமாந்தால், குறை அவனுக்கு யாரும் கற்பிக்காத படிக்கும் முறையிலே இருக்கிறது. என் படிப்பில் இந்த ஒரு மாற்றத்தைச் செய்துகொண்டது, இப்பாடம் எனக்களித்த கண்கூடான நன்மை.

சந்தர்ப்பத்தையே சர்வமும் என்று கொள்ளவும் நான் விரும்பவில்லை. பிரின்ஸ்டன் ஆராய்ச்சியில் பங்கேற்றவர்கள் மொத்தம் நாற்பதே பேர். அத்துணைச் சிறிய கூட்டத்தைக் கொண்டு மனித குலத்துக்கே விதி எழுதுவது தகாது. மனஸ்தத்துவ ஆராய்ச்சிகள் நூற்றைத் தேர்ந்து மறுபடியும் செய்து பார்த்து, அதன் விளைவை 2015-இல் வெளியிட்டபோது, அவற்றில் நூற்றுக்கு 36 பங்கே முன்போல் தெளிவான முடிவைத் தந்தன என்பதை இத்துறையினரே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அந்த நேர்மைக்காக இச்சாஸ்திரத்தின்மீது என் மதிப்பு உயர்ந்தது. மேலும், அவசரப்பட்டவர்களிலும் நின்று உதவியவர் இருந்தார். அவகாசம் இருந்தும் விலகிச் சென்றவரும் இருந்தார். காரணத்தை அறிந்துகொள்வது வேறு, பொறுப்பிலிருந்து விடுதலை அளிப்பது வேறு. மனைவியை அடிக்கும் கணவனுடைய வேலைச் சுமையை எடுத்துக்காட்டி அவனை மன்னிக்கச் சொல்வதற்கு இந்தப் பாடத்தை யாரேனும் பயன்படுத்தினால், அவர் அதைத் தலைகீழாகப் படித்தவராவார்.

ஆசிரியப் பயிற்சிக் கல்லூரிகளில் கல்வி உளவியல் இன்றும் ஒரு பாடமாக இருக்கிறது. பாவ்லோவ், தார்ன்டைக், ஸ்கின்னர் ஆகியோருடைய பெயர்களும் கொள்கைகளும் அங்கே மனனம் செய்யப்பட்டு, பரீட்சைத் தாளில் இறக்கிவைக்கப்படுகின்றன. அதற்குப் பதிலாக, பயிற்சிக்காகப் பள்ளிக்கு அனுப்பப்படும் ஒவ்வோர் ஆசிரியரும், முதல் மணி அடித்த பிறகு வாயிலில் நிறுத்தப்படும் பிள்ளைகளில் ஒருவரையேனும் தேர்ந்து, அந்தப் பிள்ளையின் ஊர் எவ்வளவு தொலைவு, அங்கிருந்து வரும் பேருந்து எத்தனை மணிக்கு, அது தவறினால் அடுத்தது எப்போது, புறப்படுவதற்கு முன்னால் வீட்டில் முடித்துவிட்டு வரவேண்டிய வேலைகள் எவை, இரவு படிப்பதற்கு வெளிச்சமும் இடமும் உண்டா என்பவற்றை நேரில் விசாரித்து எழுதித் தரவேண்டும் என்று ஒரு விதி செய்யலாம். அந்தக் குறிப்பை வகுப்பாசிரியரும் தலைமையாசிரியரும் படித்துக் கையெழுத்திட்ட பின்னரே, தாமதத்துக்கு என்ன தண்டனை என்னும் பேச்சைத் தொடங்கலாம்.