கேமரா நாலு இருக்கு... முகம் ஒண்ணுகூட இல்லையே!

கடைக்கு கேமரா வாங்கப் போகிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள். "பக்கத்துக் கடையில நாலு போட்டிருக்கான், எனக்கும் நாலு போடு" என்று சொல்லத்தானே போகிறீர்கள்? அங்கேதான் கோளாறே ஆரம்பம்!

திருட்டு நடந்த கடைகளுக்குச் செய்திக்காகப் போகும்போது பார்க்கிறோம். படம் இருக்கிறது. ஆசாமி வருகிறான், கல்லாவில் கை வைக்கிறான், போகிறான். எல்லாம் தெரிகிறது, ஆள் யார் என்பதைத் தவிர! உச்சந்தலையும் தொப்பியும்தான் பதிவாகி இருக்கிறது. போலீசார் அதை வைத்துக்கொண்டு யாரைத் தேடுவார்கள்?

விற்பவர் நாலு கேமரா, பெட்டி, வயர், கூலி எல்லாம் சேர்த்து ஒரு ரேட் சொல்கிறார். இவர் அதில் ஐந்நூறு குறைக்கப் பேரம் பேசுகிறார். எதைப் பார்க்க வேண்டும் என்று அவரும் கேட்பதில்லை, இவரும் சொல்வதில்லை. வேலைக்காரப் பையன் கல்லாவைத் தொடுகிறானா என்று பார்க்கவா? வருகிற ஆளின் முகம் தெரியவா? வாசலில் நிற்கும் பைக்கின் நம்பரா? மூன்றும் வேறு வேறு வேலை. ஒரே மாதிரி கேமரா மூன்றையும் செய்யாது.

பத்தடி கணக்கு

இப்போது பல கடைகளில் மாட்டி இருப்பது 2 மெகாபிக்சல் கேமரா. அதன் படத்தில் அகலவாக்கில் 1920 புள்ளிகள். முன்பின் தெரியாத ஆளை அடையாளம் சொல்ல மீட்டருக்கு 250 புள்ளியாவது வேண்டும் என்பது இந்தத் தொழிலில் உள்ள கணக்கு. வகுத்துப் பாருங்கள். ஏழரை மீட்டர் அகலத்துக்குத்தான் தேறும். 2.8 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டால் கடை முழுக்கத் தெரியும், பார்க்க ஜோராக இருக்கும். ஆனால் பத்தடி தாண்டினாலே அந்த அகலம் மீறிப்போகும். அதற்கப்பால் ஆள் நிற்பது தெரியும், எந்த ஆள் என்பது தெரியாது.

அதே கேமராவை 6 மில்லிமீட்டர் லென்சோடு வாசலைப் பார்த்து, தலைக்குச் சற்று மேலே வையுங்கள். இருபதடியில் வருகிறவன் முகமும் தெரியும். கூரையில் மாட்டினால் தொப்பிதான். வாசலுக்குப் பின்னால் வெயில் அடிக்கிற கடையா? முகம் கறுத்துவிடும். 'டபிள்யூ.டி.ஆர்.' உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். என்னைக் கேட்டால், கூரையில் நாலு மாட்டுவதைவிட இப்படி ஒன்று உருப்படியாக இருந்தால் போதும்.

ராத்திரியில் இன்னொரு வேடிக்கை. இருட்டில் கேமரா கறுப்பு வெள்ளைக்கு மாறிவிடும். கறுப்புச் சட்டைகூடச் சில துணிகளில் வெளுப்பாகத் தெரியும். "வெள்ளைச் சட்டை போட்டவன்" என்று அடித்துச் சொல்லாதீர்கள், வேறு எவனாவது மாட்டிக்கொள்வான்! பைக் நம்பரோ வெளிச்சம் பட்டு வெறும் வெள்ளைத் தகடாகிவிடும். மீதிப் பணத்தைக் கொடுக்கும் முன் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, மாட்டியவரையே உள்ளே நடந்து வரச் சொல்லிப் பாருங்கள்.

இது கல்லாப் பணத்தோடு முடிகிற சமாசாரம் இல்லை. 2016 ஜூனில் நுங்கம்பாக்கம் ரெயில் நிலையத்தில் இளம்பெண் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். நிலையத்தில் கேமரா இல்லை. அக்கம்பக்கத்து கேமரா பதிவுகளைத்தான் போலீசார் துழாவினார்கள். உங்கள் கடை வாசல் கேமரா நாளைக்கு யாருக்கு உதவுமோ! 'மூன்றாவது கண்' என்று சொல்லிச் சென்னை போலீசார் தெருத்தெருவாக கேமரா மாட்டச் சொன்னார்கள். நல்ல காரியம். முகம் தெரிகிற மாதிரி மாட்டு என்றும் சொல்லிக் கொடுத்தால் புண்ணியமாகப் போகும்.

ஆறு நாள்தான்!

"ஒரு மாசம் பதிவு இருக்கும்" என்பார்கள். நம்பாதீர்கள். விநாடிக்கு 4 மெகாபிட் வீதம் பதிவானால் ஒரு கேமராவுக்கு ஒரு நாளைக்கு 43 ஜி.பி. ஆகும். நாலு கேமராவுக்கு 1 டி.பி. ஹார்ட் டிஸ்க் ஆறு நாளில் நிரம்பி, பழையது தானாக அழியும். சரக்கு இருப்பு மாசக் கடைசியில்தான் எண்ணுவீர்கள் என்றால் அதற்கேற்ற டிஸ்க் வாங்குங்கள். பெட்டிக் கடிகாரமும் சரியாக ஓடவேண்டும். ஒரு மணி நேரம் தப்பாக ஓடினால் எதிர்த்தரப்பு வக்கீல் விடுவாரா? 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியம் 63-வது பிரிவின்படி, பதிவின் நகலைக் கோர்ட்டில் கொடுக்க சான்றிதழும் வேண்டும். செல்போனில் எடுத்து அனுப்பிய படத்தோடு வேலை முடியாது.

பெட்டியைக் கல்லா மேஜைக்கு அடியிலேயே வைக்கிறார்கள். திருடன் போகிறபோது அதையும் தூக்கிக்கொண்டு போகிறான்! பூட்டிய அலமாரி எதற்கு இருக்கிறது?

கடைசியாக பாஸ்வேர்டு. கம்பெனி போட்டுக் கொடுத்ததை மாற்றாமல் விட்ட கேமராக்களைக் கைப்பற்றித்தான் 2016-ல் 'மிராய்' வைரஸ் அமெரிக்காவில் பெரிய பெரிய இணையதளங்களையே முடக்கியது. மாட்ட வந்த பையனுக்குத் தெரிந்த பாஸ்வேர்டு, அவன் போனதும் மாறியிருக்க வேண்டும். துணிக்கடைக்காரர்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். உடை மாற்றும் அறைப் பக்கம் கேமராவைத் திருப்பவே கூடாது. அது திருட்டைத் தடுக்கிற வேலை இல்லை, ஜெயிலுக்குப் போகிற வேலை.